பழைய காரின் மீட்டர் முள் பொய் சொன்னால்: டாஷ்போர்டைப் பிரிக்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

பெட்ரோல் முள் காலியில் படுத்துக் கிடக்கும். அல்லது டேங்க் காய்ந்த பிறகும் பாதியில் நிற்கும். ஸ்பீடோமீட்டர் முள் 40-க்கும் 60-க்கும் நடுவே ஆடிக்கொண்டே வரும். பழைய அம்பாசடரோ பத்மினியோ மாருதி 800-ஓ வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். பட்டறையில் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "மீட்டரை மாத்திடுங்க சார்." மாற்றிய பிறகும் முள் அதே இடத்தில் கிடக்கும்.

காரணம் எளிது. மீட்டர் தானாகக் கெடுவது குறைவு. அதற்குச் செய்தி கொண்டுவரும் வயர், எர்த் (கரண்ட் காரின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு), டேங்க் யூனிட் (டேங்க்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்க்கும் சென்சர்), கேபிள் இவைதான் முதலில் கெடுகின்றன. அதனால் இங்கே வேலையைப் பின்னாலிருந்து தொடங்குவோம். டேங்க், இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் முதலில். டாஷ்போர்டைப் பிரிப்பது கடைசியில்.

இது கார்புரேட்டர் காலத்துக் கார்களுக்கானது. ஒவ்வொரு முள்ளுக்கும் தனி வயரோ கேபிளோ போகும் மீட்டர்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். முள்ளைத் திருப்ப ஸ்டெப்பர் மோட்டார் என்ற சின்ன மோட்டார் வைத்த பிந்தைய கிளஸ்டர்களுக்கு (மீட்டர்கள் சேர்ந்த தொகுப்பு) சோதனை முறையே வேறு.

முதலில் உங்கள் மீட்டர் எந்த வகை என்று பாருங்கள்

சாவியை ஆன் செய்துவிட்டு பெட்ரோல் முள்ளை மட்டும் கவனியுங்கள். மெதுவாக, சோம்பலாக ஏறினால் அது பைமெட்டல் வகை. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை இருக்கும். அதைச் சுற்றிய கம்பியில் கரண்ட் போனால் பட்டை சூடாகி வளையும். அந்த வளைவு முள்ளைத் தள்ளும். சூடாக நேரம் பிடிப்பதால்தான் அந்தச் சோம்பல். ரோட்டில் பெட்ரோல் குலுங்கினாலும் முள் ஆடாமல் இருப்பது இதன் நல்ல குணம். ஆனால் வோல்டேஜ் மாறினால் சூடும் மாறும் என்பதால், இந்த வகைக்கு நிலையான வோல்டேஜ் கொடுக்க ஒரு ஸ்டெபிலைசர் தேவை. பிரிட்டிஷ் வழி வந்த மீட்டர்களில் அது டாஷ்போர்டுக்குப் பின்னால் சின்னத் தகர டப்பாவாக இருக்கும். ஜப்பானிய வழி வந்தவற்றில் பெரும்பாலும் பெட்ரோல் மீட்டருக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

சாவி போட்டதும் முள் சட்டென்று எழுந்தால் அது காந்தச் சுருள் வகை. இரண்டு சுருள்களின் இழுவையில் எது அதிகம் என்பதை வைத்தே முள் நிற்பதால், வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பாதிப்பில்லை. இதற்கு ஸ்டெபிலைசர் கிடையாது. இல்லாத ஸ்டெபிலைசரைத் தேடி டாஷ்போர்டுக்கு அடியில் படுத்துக் கிடப்பவர்களும் உண்டு. வகையை முதலில் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

மூன்றாவது வகைக்கு மின்சாரமே வேண்டாம். கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டர், குழாய் வழியாக ஆயில் வந்து இயக்கும் பிரஷர் மீட்டர், மெல்லிய செப்புக் குழாயில் இயங்கும் சில பழைய டெம்பரேச்சர் மீட்டர்கள் எல்லாம் இதில் அடங்கும்.

அறிகுறியைப் படியுங்கள்

கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர், 12 வோல்ட் 3 முதல் 5 வாட் பல்பில் இரண்டு வயர் ஒட்டிய டெஸ்ட் லேம்ப், இரு முனையிலும் கிளிப் வைத்த நீள வயர், காண்டாக்ட் கிளீனர், மெல்லிய உப்புத்தாள் இருந்தால் போதும்.

பெட்ரோல், டெம்பரேச்சர் முள்கள் இரண்டும் ஒரே நேரத்தில் செத்துப்போனால் ஃபியூஸையும் மீட்டருக்கு வரும் சப்ளையையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால் ஸ்டெபிலைசர்தான் சந்தேகத்துக்குரியது. ஹெட்லைட் போட்டதும் முள்கள் நகர்ந்தால் எர்த் மோசம். லைட்டின் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் மீட்டர் வழியாகச் சுற்றிப் போகிறது. ஒரே ஒரு முள் மட்டும் கோளாறு என்றால் அதன் வயரோ சென்சரோதான். இந்த நாலு வரிக்குள் உங்கள் கோளாறு அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.

பெட்ரோல் முள்: டேங்க்கிலிருந்து தொடங்குங்கள்

டேங்க் யூனிட் எங்கே இருக்கிறது என்பது காருக்குக் கார் மாறும். சிலவற்றில் பின் சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் தளத்திலோ ஒரு மூடியைத் திறந்தால் தெரியும். சிலவற்றில் டேங்க்கையே கொஞ்சம் இறக்க வேண்டும். அதன் தலையில் மீட்டரிலிருந்து வரும் வயர் ஒன்றும், பல கார்களில் கறுப்பு எர்த் வயர் ஒன்றும் இருக்கும்.

சாவியை ஆஃப் செய்து, மீட்டர் வயரைக் கழற்றி, எதிலும் படாமல் வையுங்கள். பிறகு சாவியை ஆன் செய்யுங்கள். முள் ஒரு முனைக்குப் போக வேண்டும். இப்போது அந்த வயருக்கும் காரின் பாடிக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை இணையுங்கள். முள் எதிர்ப்பக்கம் நகர வேண்டும். பைமெட்டல் வகை என்றால் வயர் கழன்றிருக்கும்போது காலி, லேம்ப் வைத்தால் ஃபுல் பக்கம். பிரிட்டிஷ் கார்களின் பழைய காந்தச் சுருள் மீட்டர்களில் இது தலைகீழ். எந்தப் பக்கம் போகிறது என்பதைவிட, இரண்டு பக்கமும் போகிறதா என்பதே இங்கே கேள்வி. வயரை நேராகப் பாடியில் தொட்டுப் பார்ப்பதுதான் பலருக்குப் பழக்கம். சில நொடிகளுக்கு மேல் அப்படி வைத்தால் பைமெட்டல் மீட்டரின் சுருள் வெந்துவிடலாம். லேம்ப் நடுவில் இருந்தால் அந்தப் பயமில்லை. தவிர, பெட்ரோல் வாசனை வரும் இடத்தில் வெறும் வயரால் தீப்பொறி கிளப்பக் கூடாது. கிளிப்பை முதலில் மாட்டிவிட்டு அப்புறம் சாவியைப் போடுங்கள்.

முள் இரண்டு பக்கமும் சரியாகப் போனால் மீட்டரும் வயரும் நலம். டாஷ்போர்டைத் தொடவே வேண்டாம். நகரவில்லை என்றால் இதே சோதனையை மீட்டரின் பின்முனையில் செய்யுங்கள். அங்கே நகர்ந்தால் நடுவில் வயர் அறுந்திருக்கிறது. அங்கேயும் நகரவில்லை என்றால் மட்டும் மீட்டரையும் அதற்கு வரும் சப்ளையையும் சந்தேகப்படலாம்.

அடுத்து எர்த். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, டேங்க் யூனிட்டின் உலோகத் தலைக்கும் காரின் பாடிக்கும் நடுவே அளவெடுங்கள். ஒரு ஓமுக்குள் வர வேண்டும். டேங்க்குக்கு மறு பெயின்ட் அடித்த கார்களிலும், ரப்பர் பட்டைகள் மேல் டேங்க்கைப் பொருத்திய கார்களிலும் இது கெட்டுப்போவது சகஜம். யூனிட் தலையின் ஒரு ஸ்குரூவிலிருந்து பாடிக்குப் புதிதாக ஒரு வயர் இழுத்து, இரு முனையிலும் களிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இறுக்குங்கள். பழைய காரில் இதைவிட மலிவான ரிப்பேர் வேறு இருக்காது. புது யூனிட் வாங்கும் முன் இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம்.

எர்த்தும் நலம் என்றால் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டியதுதான். டேங்க்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது, திறந்த வெளியில், பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், ஹேண்ட்லேம்ப் எதுவும் வேண்டாம். சுழற்றும் வளையத்தில் பூட்டிய யூனிட் என்றால் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். இரும்பு உளி தீப்பொறி கொடுக்கும். வெளியே எடுத்ததும் ஓட்டையைத் துணியால் அடைத்துவிட்டு, யூனிட்டைக் காரிலிருந்து தள்ளி எடுத்துப்போய்ச் சோதியுங்கள்.

ஃப்ளோட் (பெட்ரோலில் மிதக்கும் மிதவை) பொருத்திய கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்தபடி ஓம் பாருங்கள். எண் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் சட்டென்று காணாமல் போனால் அந்த இடத்தில், கையின் தொடுமுனை உரசி ஓடும் கம்பித் தடம் தேய்ந்திருக்கிறது. நம்மில் பலர் எப்போதும் கால்வாசி, அரைவாசி பெட்ரோலிலேயே வண்டி ஓட்டுவதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பென்சில் ரப்பரால் மெல்லத் துடையுங்கள். தொடுமுனையை மயிரிழை அளவு பக்கவாட்டில் வளைத்து, தேயாத தடத்தில் ஓடவிட்டால் பல யூனிட்கள் பிழைத்துவிடும். கம்பியே அறுந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே திரவச் சத்தம் கேட்டால் அது ஓட்டை. பெட்ரோலில் மிதக்காமல் மூழ்கி, முள்ளை எப்போதும் காலியில் வைத்திருக்கும். பித்தளை ஃப்ளோட்டைப் பற்றவைத்துவிடலாம் என்று தோன்றும். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும்போது சூடு காட்டினால் அது வெடிக்கும். வேறு ஃப்ளோட் தேடுவதே நல்லது.

திரும்பப் பொருத்தும்போது பழைய கார்க் பேக்கிங்கை மறுபடி போடாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய பேக்கிங்கும் ரப்பரும் அதற்குத் தாங்குவதில்லை.

மாற்று யூனிட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தலையின் துளைகள் பொருந்திவிட்டால் யூனிட்டும் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. ஜப்பானிய வழி வந்த யூனிட்களில் பொதுவாகக் காலியில் நூறு ஓமுக்கு மேலும், ஃபுல்லில் சில ஓம் மட்டுமேயும் இருக்கும். விடிஓ என்ற ஜெர்மன் நிறுவனத்தின் வகை யூனிட்டில் காலியில் 10 ஓம், ஃபுல்லில் 180 ஓம். ஒன்றின் மீட்டரோடு மற்றதைச் சேர்த்தால் டேங்க் நிரம்பும்போது முள் இறங்கும். புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பழைய சாமான் வாங்கப் போகும்போது மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப்போங்கள். உங்கள் பழைய யூனிட்டின் இரு முனை ஓமையும் எழுதி வைத்துக்கொண்டு, கடையிலேயே அளந்து வாங்குங்கள்.

ஸ்டெபிலைசர்

பிரிட்டிஷ் வகைத் தகர டப்பாவில் பி, ஐ என்று இரண்டு முனைகள் இருக்கும். பி-யில் சப்ளை, ஐ-யிலிருந்து மீட்டர்களுக்கு. உள்ளே ஒரு பைமெட்டல் பட்டை விட்டுவிட்டுத் தொட்டு, சராசரியாக 10 வோல்ட் கொடுக்கிறது. ஆகவே டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண் தாவித் தாவி வந்தால் அது கோளாறு இல்லை. அப்படித்தான் வர வேண்டும். 12 வோல்ட்டில் அசையாமல் நின்றால் உள்ளே ஒட்டிக்கொண்டது, அல்லது டப்பாவுக்கு எர்த் இல்லை. முதலில் டப்பாவின் எர்த்தைச் சுத்தம் செய்து பாருங்கள்.

கெட்டதற்குப் பதிலாக 7810 என்ற மூன்று கால் ஐசி-யைப் போடலாம். எழுத்து உள்ள முகம் உங்களைப் பார்க்க, இடது கால் சப்ளை, நடுக்கால் எர்த், வலது கால் மீட்டருக்கு. முதுகுத் தகடும் எர்த் என்பதால் பழைய டப்பாவிலேயே போல்ட் செய்துவிடலாம், சூடும் இறங்கும். எர்த்துக்குக் குறுக்கே சப்ளைப் பக்கம் 0.33, மீட்டர் பக்கம் 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒவ்வொன்று. இந்த ஐசி-க்குள் சுமார் 2 வோல்ட் இறங்கும். அதனால் பாட்டரி பலவீனமாக இருந்து இன்ஜினும் ஓடாதபோது முள் கொஞ்சம் குறைத்துக் காட்டும். மிகப் பழைய பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். அவற்றில் இதை அப்படியே போடக் கூடாது.

டெம்பரேச்சர், ஆயில், சார்ஜ்

டெம்பரேச்சர் முள்ளுக்கும் அதே லேம்ப் சோதனை. சென்சர் வயரைக் கழற்றினால் குளிர் பக்கம், லேம்ப் வழியாக எர்த் கொடுத்தால் சூடு பக்கம். சென்சரைச் சோதிக்க, வெந்நீரில் அதன் நுனியை மட்டும் நனைத்து ஓம் பாருங்கள். சூடு ஏற ஏற எண் இறங்க வேண்டும். சென்சரின் திருகு மறையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றாதீர்கள். சென்சருக்கு எர்த் அந்த மறை வழியாகத்தான்.

முள் எப்போதும் குளிரிலேயே இருக்கிறதா? மீட்டரைக் குறை சொல்லும் முன் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று அதைப் பிடுங்கிப் போடுவது இங்கே பல பட்டறைகளின் பழக்கம். அப்படிப்பட்ட காரில் முள் உண்மையைத்தான் சொல்கிறது. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுவதே அதற்கு ரிப்பேர்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் வற்றிப்போனால், இன்ஜின் கொதிக்கும்போதே முள் கீழே இறங்கலாம். ஏறிக்கொண்டிருந்த முள் மலைப்பாதையில் திடீரென்று இறங்கினால் நிம்மதியடையாமல் வண்டியை ஓரம் கட்டுங்கள். செப்புக் குழாய் வகையில் குழாய் உடைந்துவிட்டால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது.

ஆயில் முள் விழுந்தாலோ விளக்கு எரிந்தாலோ முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். மீட்டர் கோளாறா, உண்மையிலேயே பிரஷர் இல்லையா என்பதைப் பட்டறையின் தனி பிரஷர் மீட்டரை மாட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் அந்த விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் அதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் மீட்டர் உள்ள கார்களில் சார்ஜ் கரண்ட் முழுவதும் அதன் வழியாகவே போவதால், பின்னால் உள்ள நட்டுகள் தளர்ந்தால் சூடேறிக் கருகும். பாட்டரியைக் கழற்றிவிட்டு அவற்றை இறுக்குங்கள்.

ஸ்பீடோமீட்டர்

இதில் கேபிளின் இன்னர் (உறைக்குள் சுழலும் கம்பி) ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதைச் சுற்றி, அதைத் தொடாமல், அலுமினியக் கிண்ணம் ஒன்று. காந்தம் சுழன்றால் கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். கிலோமீட்டர் எண்கள் மட்டும் பல்சக்கரங்களால் நேரடியாக ஓடுகின்றன. இந்த வித்தியாசமே கோளாறைக் காட்டிக்கொடுக்கும். முள்ளும் எண்ணும் இரண்டுமே நின்றுவிட்டால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் முனையில் உள்ள பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். முள் ஓடி எண் நின்றால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும். எண் ஓடி முள் நின்றால் கிண்ணமோ சுருள்வில்லோ.

முள் ஆடினால், கூடவே கரகரவென்று சத்தம் வந்தால், கேபிள்தான். இரு முனையையும் கழற்றி இன்னரை உருவுங்கள். மேசையில் நேராக வைத்து உருட்டினால் சீராக உருள வேண்டும். ஓரிடத்தில் துள்ளினால் அங்கே மடிந்திருக்கிறது, அதை நிமிர்த்த முயலாமல் மாற்றுங்கள். நலமாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் கடைசி ஒரு சாண் காய்ந்தே இருக்கட்டும். சுழலும் இன்னர் கிரீஸை மேலே ஏற்றிக் கொண்டுபோய் மீட்டருக்குள் கொட்டும். கிண்ணத்தில் பிசுக்கு சேர்ந்தால் முள் கண்டபடி ஏறும். இன்னரை எடுக்கும்போதே அதில் கியர் ஆயில் வழிந்தால் பினியனின் ஆயில் சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் கேபிளைச் சுத்தம் செய்து பயனில்லை. திரும்ப மாட்டும்போது எங்கும் கூர்மையாக வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முள் நிதானமாக நின்றும் வேகம் தவறாக இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால், சமமான சாலையில் ஜிபிஎஸ் ஆப்பை வைத்து ஒப்பிடுங்கள். டயரையும் கணக்கில் எடுங்கள். மாருதி 800-இன் 145/70 ஆர்12 டயரைக் கழற்றிவிட்டு 155/65 ஆர்13 போட்டவர்களுக்குச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 5 சதவீதம் கூடிவிடும். முள் 60 காட்டும்போது உண்மையில் 63-ஐ நெருங்கியிருப்பீர்கள். மீட்டரை மேசையில் சோதிக்க வேண்டுமானால் வேகம் குறைத்து ஓட்டக்கூடிய டிரில் போதும். பல ஜப்பானிய வகை மீட்டர்களில் கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 637 சுற்று. அதாவது நிமிடத்துக்கு 637 சுற்றில் முள் 60 காட்ட வேண்டும். பிரிட்டிஷ் மீட்டர்களில் மைலுக்கு எத்தனை சுற்று என்பதை டயலின் அடியிலேயே சின்ன எண்ணாக அச்சிட்டிருப்பார்கள். டிரில் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதைக் கையால் சுழற்றிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

டாஷ்போர்டைப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால்

பாட்டரியைக் கழற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். முதலில் பின்னால் கைவிட்டு ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவித்தபின்தான் கிளஸ்டரை இழுக்க வேண்டும். பின்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புத் தடங்கள் ஓடும் கார்கள் பல. மீட்டரைப் பிடித்திருக்கும் சின்ன நட்டுகள்தான் அந்தத் தடத்துக்கு மின் தொடர்பும் கொடுக்கின்றன. அவை தளர்ந்தோ களிம்பேறியோ இருந்தால் முள் வேலை செய்யாது. கழற்றி, சுத்தம் செய்து, மென்மையாக இறுக்குவதோடு பல கிளஸ்டர்களின் கதை முடிந்துவிடும். அறுந்த தடத்தில் சால்டரிங் அயர்னை நீட்டி வைத்தால் தாள் உருகும். இரண்டு நட்டுகளுக்கு நடுவே மெல்லிய வயரைப் பாலமாகப் போடுவது மேல்.

டயலின் அச்சை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், எழுத்து துணியோடு வந்துவிடும். முள்ளைப் பிடுங்காமல் வேலை முடிந்தால் மகிழ்ச்சி. பிடுங்கியே ஆக வேண்டுமானால், அது ஓய்வாக நிற்கும் இடத்தை ஒட்டு டேப்பில் குறித்துவிட்டு, இரு பக்கமும் இரண்டு கரண்டிகளை வைத்து நேராக மேலே நெம்புங்கள். உடைந்த பல்சக்கரத்தையோ கண்ணாடி மூடியையோ ஃபெவிக்விக் போன்ற பசையால் ஒட்டிவிட்டு உடனே மூடினால், அதன் ஆவி டயலிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் படலமாகப் படியும். ஒரு நாள் திறந்தே வையுங்கள். கிலோமீட்டர் எண் எந்த இடத்தில் நின்றதோ அதே எண்ணில் மறுபடி பொருத்தி, நின்றிருந்த காலத்தை வண்டியின் சர்வீஸ் நோட்டில் எழுதுங்கள். பின்னால் வாங்குபவருக்கு அது தேவைப்படும்.

கிளஸ்டர் கையில் இருக்கும்போது பல்புகளை எல்இடி-யாக மாற்ற ஆசை வரும். வெளிச்ச பல்புகளை மாற்றலாம். சார்ஜ் விளக்கை மட்டும் விட்டுவிடுங்கள். பல பழைய ஆல்டர்னேட்டர்கள் வேலையைத் தொடங்கத் தேவையான சின்னக் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி போட்டால் பாட்டரி சார்ஜ் ஏறாமல் போகலாம்.

சுருள் எரிந்த மீட்டருக்கு உள்ளூரில் சுற்றிக் கொடுப்பவர்கள் அரிதாகிவிட்டார்கள். கோயம்புத்தூரின் பிரிக்கால் 1970-களிலிருந்து வாகன மீட்டர்கள் செய்து வருவதால், அந்தப் பெயர் அச்சிட்ட பழைய சரக்கு தமிழ்நாட்டுக் கடைகளில் தேடினால் கிடைக்க வாய்ப்புண்டு. பின்பக்கத்தில் உள்ள பார்ட் நம்பரை ஒப்பிட்டு வாங்குங்கள்.

கடைசியாக, முள்ளின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்

பெட்ரோல் முள் காலியைத் தொடும் வரை ஓட்டி, பெட்ரோல் பங்கில் சமதரையில் நிறுத்தி, ஐந்து ஐந்து லிட்டராகப் போடச் சொல்லி ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பைமெட்டல் மீட்டருக்கு நிலைக்க ஒரு நிமிடம் கொடுங்கள். போடும்போது இன்ஜின் ஆஃப்; பார்க்கும்போது மட்டும் சாவி ஆன். பங்கில் கூட்டமில்லாத நேரத்தில் போனால் திட்டு விழாது. டேங்க் நிரம்பும்போது போட்ட மொத்த லிட்டரை டேங்க் கொள்ளளவிலிருந்து கழித்தால், முள் காலியைத் தொடும்போது எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். அது ஓரிரு லிட்டர்கூட இல்லை என்றால் ஃப்ளோட் கையைச் சற்று வளைத்து, முள் முன்னதாகவே காலியைத் தொடும்படி வையுங்கள். நடுவில் முள் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டினால் அதைத் துரத்த வேண்டாம். இந்த மீட்டர்கள் புதிதாக வந்தபோதே அவ்வளவுதான் துல்லியம்.